மாயப் பெருங்கதைகளும் அவற்றை நிறுக்கும் கோலும்

2003ஆம் ஆண்டில் பி. பி. சி. நிறுவனத்தார், தம் மனத்துக்கு மிகவும் உகந்த நாவல் இன்னதென்று தெரிவிக்குமாறு பிரிட்டன் மக்களைக் கேட்டு வாக்கெடுத்தனர். முதலிடம் எய்தியது ஜேன் ஆஸ்டின் எழுதிய நூலன்று, டிக்கென்ஸ் எழுதியதுமன்று. ஆக்ஸ்போர்டுப் பல்கலைக் கழகத்தில் பழைய ஆங்கிலம் கற்பித்த ஜே. ஆர். ஆர். டோல்கீன் என்னும் பேராசிரியர் இயற்றிய 'மோதிரங்களின் தலைவன்' என்னும் நெடுங்கதையே அவ்விடத்தைப் பெற்றது. ஆஸ்டின் அம்மையாரின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' அதற்கடுத்து நின்றது. முதலைந்து நூல்களுள் மூன்று மாயக்கதைகளாகவே இருந்தன.

சிறுவர்க்குரிய பொழுதுபோக்கு என்று ஒதுக்கப்பட்டதொரு வகை, ஒரு நாட்டாரின் உள்ளத்தில் இத்துணை ஆழமாக வேரூன்றியது எங்ஙனம் என்று வியப்பார் வியக்க. அவ்வகை நூல்களை விரும்பிப் படிப்பாரிடையே எழும் வினா வேறு. இவற்றுள் எது பெரிது? எதனை முதலில் வைப்பது? எதனைக் கடையில் வைப்பது? நம் விடுதியில் விளக்கணைந்த பின்னரும் இவ்வழக்கு ஓய்வதில்லை. ஒவ்வொருவரும் வெவ்வேறு கோல்கொண்டு நிறுப்பதனாலேயே வழக்குத் தீர்வதில்லை என்பது என் எண்ணம்.

ஆங்கிலத்தில் 'எபிக் ஃபேண்டஸி' என வழங்குவதனை ஈண்டு 'மாயப் பெருங்கதை' என்று குறிப்போம். ஆசிரியர் தாமே படைத்ததோர் உலகம். அதற்கென ஒரு நிலப்படம், ஒரு வரலாறு, சில வேளைகளில் ஒரு மொழி. அவ்வுலகம் முழுதையும் விழுங்க வரும் ஒரு கேடு. அதனை எதிர்ப்பானது நெடும்பயணம்: இவை இவ்வகையின் பொதுவிலக்கணம் எனலாம். வில்லியம் மாரிஸ் 1896இல் வெளியிட்ட 'உலகின் கோடியிலுள்ள கிணறு' முதலிய கதைகளில் இதன் முளை காணப்படும். பயிராய் வளர்ந்தது டோல்கீனிடத்தே. தண்டியலங்காரம் பயின்ற தமிழ் மாணாக்கர்க்கு இவ்விலக்கணம் முற்றும் புதிதாகத் தோன்றாது. மலை, கடல், நாடு, நகர், பருவம், போர், வெற்றி எனப் பெருங்காப்பியத்துக்கு ஆங்குக் கூறிய உறுப்புக்கள் பலவும் ஈண்டும் உள. ஒன்று மட்டும் தலைகீழாயிற்று. காப்பியத் தலைவன் தனக்கு நிகரில்லாதவனாதல் வேண்டும்; மாயப் பெருங்கதையின் தலைவனோ பெரும்பாலும் எளியன். ஒருவன் அரையாள் உயரமே உள்ள சிற்றூரான். மற்றொருவன் ஆடு மேய்த்த சிறுவன். பிறிதொருவன் முறையின்றிப் பிறந்தமையால் அரண்மனைக் குதிரை லாயத்தில் வளர்ந்த பிள்ளை. எளியவன் கையிற் பேராற்றல் வந்து சேர்ந்தால் அவன் என்னாவான் என்பதே இவ்வகைக் கதையின் உயிர்வினா.

இனி, பிறர் கொள்ளும் கோல்களைப் பார்ப்போம். சிலர் பருமனால் நிறுப்பர். ராபர்ட் ஜோர்டனது 'காலச்சக்கரம்' 14 தொகுதிகளும் நாற்பது இலட்சத்துக்கு மேற்பட்ட சொற்களும் கொண்டது. ஆகவே அதுவே தலையாயது என்பர். அங்ஙனமாயின் கடைத்தராசே போதும், படிப்பானேன்? வேறு சிலர், மாயத்தின் விதிகள் எத்துணைத் தெளிவாக வகுக்கப்பட்டுள என்று ஆராய்வர். பிராண்டன் சாண்டர்சன் 2006இல் தொடங்கிய 'மிஸ்ட்பார்ன்' கதைகளில் மாந்தர் உலோகத்தை விழுங்கி, அதனை உடலினுள்ளே எரித்து ஆற்றல் பெறுவர். இரும்பு இழுக்கும், எஃகு தள்ளும், வெள்ளீயம் ஐம்புலன்களையும் கூராக்கும். இரசாயனப் பாடம்போல் ஒழுங்குடையது. படிப்போர் விளங்கிக்கொண்ட அளவிற்கே மாயத்தைக்கொண்டு கதைச் சிக்கலை அவிழ்த்தல் வேண்டும் என்று அவ்வாசிரியர் ஒரு விதியும் வகுத்திருக்கின்றார். நல்ல விதியே. ஆனால் அது கதை நம்மை ஏமாற்றாதிருத்தற்கு வேண்டிய விதி. உயர்த்துதற்கு வேண்டியது வேறு. இன்னுஞ் சிலர், எவன் எப்பொழுது சாவான் என்று அறியவொண்ணாத அதிர்ச்சியே சிறப்பென்பர். அவர்களுக்குப் பின்னர் விடை கூறுவேன்.

யான் கொள்ளும் கோல் ஒன்றே. வெற்றிக்கு விலை என்ன? அவ்விலையைக் கொடுத்தவர் யார்? ஆசிரியர் அதனை நேர்மையாகக் கணக்கிற் காட்டினாரா, அன்றிக் கடைசி அத்தியாயத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டாரா? மெய்யுலகிற் காணாத ஆற்றலைக் கதைமாந்தர்க்கு வழங்கும் ஆசிரியர்க்கு, எல்லாவற்றையும் இலவசமாக ஈந்துவிடும் ஆசை எப்பொழுதும் உண்டு. அவ்வாசையை அடக்கியவரே பெரியர். இக்கோல்கொண்டு நிறுக்குங்கால் முடிவுகளைச் சொல்லாதிருத்தல் இயலாது. இன்னும் படியாதார் பொறுத்தருள்க.

டோல்கீன் தம் பெருங்கதையை 1937ஆம் ஆண்டின் இறுதியில் எழுதத் தொடங்கி 1949இல் முடித்தார். 1954, 1955ஆம் ஆண்டுகளில் அது மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. மற்றைக் கதைகளில் தலைவன் ஓர் அரும்பொருளைத் தேடிச் செல்வான். இங்கே தன்னிடமுள்ள பொருளை அழித்தற்பொருட்டுச் செல்கின்றான். ஃபுரோடோ என்னும் சிற்றுருவினனிடம் வந்து சேர்ந்தது, உலகனைத்தையும் அடிப்படுத்தவல்ல மோதிரம். பகைவனது நாட்டினுள்ளேயுள்ள எரிமலையின் நெருப்பில் எறிந்தாலன்றி அஃது அழியாது. ஞானியாகிய கந்தால்ஃபும், எல்ஃப் குலப் பெருமாட்டியாகிய கலாத்ரியேலும் அதனை ஏற்க மறுக்கின்றனர். நல்லார் கையிலும் அது நன்மை செய்யாதென்று அவர்கள் அறிவர். ஆகவே சுமை எளியவன்மீது விழுந்தது.

பசியும் நீர்வேட்கையும் வருத்த நடந்து நடந்து எரிமலையின் விளிம்பை எய்திய ஃபுரோடோ அங்கே என் செய்தான்? எறிய மறுத்தான். மோதிரம் தனக்கே உரியதென்று விரலில் அணிந்துகொண்டான். தலைவன் தோற்றான்! அம்மோதிரத்தாற் கெட்டழிந்து அதன் பின்னேயே அலைந்த கோல்லம் என்பான் பாய்ந்து, ஃபுரோடோவின் விரலைக் கடித்துப் பறித்து, களிப்பால் ஆடிக் கால் தவறி நெருப்பில் வீழ்ந்தான். உலகம் உய்ந்தது.

இதனைத் தற்செயல் என்று குறை கூறுவாருண்டு. ஊன்றிப் படித்தார் அங்ஙனம் கூறார். கோல்லம் அதுகாறும் உயிரோடிருந்தது எதனால்? ஃபுரோடோவின் உறவினராகிய பில்போ, முன்னொருகால் இருட்குகையில் அவனைக் கொல்ல வாய்ப்பிருந்தும் இரங்கி விட்டுவிட்டார். பின்னர் ஃபுரோடோவும் இரங்கினான். கடைசியில், எரிமலைச் சரிவில், சாம் என்னும் தோழனும் வாளோங்கிய கையைத் தாழ்த்தினான். மூவர் காட்டிய இரக்கமே அந்த விளிம்பில் வந்து நின்றது. பில்போவின் கதையாகிய 'ஹாபிட்' 1937இல் முதன்முதல் அச்சானபோது அவ்விரக்கக் காட்சி அதில் இல்லை என்பதை நம்மிற் பலர் அறியார். விடுகதைப் போட்டியில் தோற்றால் மோதிரத்தைப் பரிசாகத் தருவதாகவே கோல்லம் ஒப்பியிருந்தான். பெருங்கதை வளர்ந்து வருகையில் டோல்கீன் பழைய நூலுக்குத் திரும்பி அவ்வத்தியாயத்தை மாற்றி எழுதினார். 1951ஆம் ஆண்டுப் பதிப்பில் அம்மாற்றம் வெளிவந்தது. முடிவுக்கு வேண்டிய வித்தை ஊன்றும்பொருட்டு, அச்சேறிப் பல்லாண்டு உலவிய நூலையே திருத்தத் துணிந்த ஆசிரியர் எத்துணைப் பேர்?

விலை அத்துடன் தீரவில்லை. வென்று ஊர் திரும்பினால், ஊர் பாழ்பட்டுக் கிடக்கின்றது. மரங்கள் வெட்டுண்டு வீழ்ந்துள்ளன. அதனைச் சீர்ப்படுத்திய பின்னும் ஃபுரோடோவுக்கு மட்டும் ஆறுதலில்லை. வாய்க்காலில் நீர் வந்தது, வயல் விளைந்தது, அவன் புண் மட்டும் ஆறவில்லை. கத்தி பட்ட நாள் ஆண்டுதோறும் திரும்புங்கால் நோவும் திரும்புகின்றது. ஈற்றில் வீட்டைத் தோழனுக்கு விட்டு, மேலைக் கடலிற் கப்பலேறிப் போய்விடுகின்றான். ஊரைக் காத்தவனுக்கு ஊர் இல்லையாயிற்று. டோல்கீன் 1916இல் சோம் ஆற்றங்கரைப் போரில் நின்றவர். 1918க்குள் தம் நெருங்கிய நண்பருள் ஒருவரொழிய ஏனையோர் மாண்டனர் என்று பிற்பதிப்பின் முன்னுரையில் எழுதியுள்ளார். தம் கதை இரண்டாம் உலகப் போரின் உருவகமன்று என்று அம்முன்னுரையிலேயே மறுத்துமுள்ளார். அம்மறுப்பை மதித்தல் நம் கடன். ஆயினும், போர்க்களத்தினின்று மீண்டவன் தன் வீட்டில் அமைதியாக அமர்ந்து உண்ணமாட்டாமையை அறிந்த கையே இவ்வீற்றை எழுதிற்று என்பதில் எனக்கு ஐயமில்லை. 2001 முதல் 2003 வரை வெளிவந்த பீட்டர் ஜாக்ஸனின் திரைப்படங்கள் ஊர் பாழான பகுதியை விட்டுவிட்டன. மூன்றாம் படம் 11 ஆஸ்கார் பரிசுகளைப் பெற்றது மெய்யே. ஆயினும் படத்தை மட்டும் கண்டோர் விலைச்சீட்டிற் பாதியையே கண்டோராவர்.

இத்துணைப் பருத்த நூலுக்கு நேரே யான் வைக்க விரும்புவது மிக மெலிந்ததொரு நூல். அர்சுலா லெ குவின் அம்மையார் 1968இல் வெளியிட்ட 'எர்த்சீயின் மந்திரவாதி' இரண்டு மாலைகளிற் படித்து முடியும். அதிற் படைகள் இல்லை. கடல் நடுவே சிதறிய தீவுகள். அங்கே ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு மெய்ப்பெயர். அதனை அறிந்தானுக்கு அப்பொருள் பணியும். ஆனால் எச்செயலும் உலகின் சமநிலையை அசைக்கும். ஒரு தீவில் அழைத்த மழை மற்றொரு தீவில் வறட்சியாகலாம். ஆடு மேய்த்த கெட் என்னும் சிறுவன் மந்திரம் பயிலும் கல்லூரிக்கு வருகின்றான். உடன் பயிலும் உயர்குடி மாணவன் ஒருவன் ஏளனஞ் செய்ய, தன் திறத்தைக் காட்டும்பொருட்டு, இறந்தோரிடையினின்றும் ஓருயிரை அழைக்கின்றான். அழைத்தது வந்தது; அத்திறப்பின் வழியே ஒரு நிழலும் வந்தது. திறப்பை மூடிய கல்லூரித் தலைவர் அம்முயற்சியில் உயிர் துறந்தார். கெட் முகத்தில் அழியா வடுவோடு கிடந்தான்.

கல்லூரியில் வாழும் நமக்கு இக்காட்சி மிக அணித்தாயுள்ளது. ஆயிரம் பகைவரினும், உடனிருந்து உண்பவன் ஒருவனது இளநகை நம்மை எத்துணை வெறியராக்கும் என்பதை அம்மையார் அறிந்திருக்கின்றார். பின்னர் அந்நிழல் கெட்டைத் துரத்துகின்றது. ஆசான் ஓகியன் அறிவுரைப்படி அவன் திரும்பி அதனைத் துரத்துகின்றான். நிலமெல்லாம் கடந்த நெடுங்கடலில் இருவரும் எதிர்ப்பட்டு ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைக்கின்றனர். இரண்டும் ஒரே பெயர். அத்துடன் போர் முடிந்தது.

1972இல் வந்த மூன்றாம் நூலில், வாழ்வுக்கும் சாவுக்கும் இடையே திறந்துவிட்ட வாயிலை மூடுதற்குக் கெட் தன் ஆற்றல் முழுதையும் செலவிட்டு வறியனாகின்றான். பிறராயின் அங்கே திரையை வீழ்த்தியிருப்பர். அம்மையாரோ 18 ஆண்டுகள் கழித்து, 1990இல், 'தெஹானு' எழுதினார். அதிற் கெட் மீண்டும் ஆடு மேய்க்கின்றான். ஆற்றல் இழந்தமைக்கு நாணி ஒளிகின்றான். கதையின் நடுவே நிற்போர், தெனார் என்னும் நடுவயது மாதும், தீயிலிடப்பட்டு ஒருபுறம் வெந்துபோன சிறுமியுமே. மாயமே இல்லை, விறுவிறுப்பில்லை என்று நம் நண்பர் பலர் இதனைப் பாதியில் மூடிவிடுகின்றனர். எனக்கோ, விலை கொடுத்தபின் ஒருவன் நாடோறும் எங்ஙனம் உண்டு உறங்கி வாழ்கின்றான் என்று காட்டிய நூல் இவ்வகையில் இதுபோற் பிறிதில்லை. முன்னை நூல்களிற் பெண்டிர்க்கு அக்கல்லூரியில் இடமில்லை என்று எழுதியவர், அஃது ஏன் என்று தாமே இந்நூலில் வினாவுகின்றார். மற்றொன்றும் குறிக்கத்தக்கது: கெட் செம்பழுப்பு நிறத்தன்; அவன் உயிர்த்தோழன் வெட்ச் கருநிறத்தன். 2004ஆம் ஆண்டுத் தொலைக்காட்சிப் படத்தில் வெள்ளை நடிகரைக் கெட்டாக அமர்த்தியபோது அம்மையார் வெளிப்படையாகக் கண்டித்தெழுதினார்.

ஆகவே முதலிடம் டோல்கீனுக்கு, இரண்டாமிடம் லெ குவினுக்கு. வேறுபாடு ஓர் இழையே. கெட் கொடுத்தது தன் பிழைக்குரிய விலை. ஃபுரோடோ கொடுத்தது பிறர் பிழைக்குரியது.

"அழுகைதான் அளவுகோலா?" என்று நண்பரொருவர் வினவினார். டோல்கீனே 1939இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக் கழகத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் வழியே, இத்தகைய கதைகளின் உயர்ந்த பயன் எதிர்பாராது வந்து நிற்கும் நற்றிருப்பம் என்று நிறுவியவராயிற்றே என்பது அவர் வாதம். நல்ல வாதம். ஆனால் துயரமும் தோல்வியும் உண்டென்பதை அந்நற்றிருப்பம் மறுப்பதில்லை என்பதும் டோல்கீன் கூறியதே. எரிமலை வாயில் உலகம் உய்ந்தது நற்றிருப்பம். விரலொன்று போயிற்று என்பது விலை. இரண்டும் ஒரே கணத்தில் நிகழ்ந்தமையாலேயே அக்களிப்பை நாம் நம்புகின்றோம்.

மூன்றாமிடத்தை ராபின் ஹாப் அம்மையார் 1995 முதல் 1997 வரை வெளியிட்ட மூன்று நூல்களுக்கு அளிக்கின்றேன். அரசகுமாரனுக்கு முறையின்றிப் பிறந்த ஃபிட்ஸ் என்பான், அரசன் ஆணைப்படி மறைகொலைத் தொழில் பயிற்றப்பட்டு, தன் கதையைத் தானே கூறுகின்றான். 'இரவுக்கண்' என்னும் ஓநாயோடு அவனுக்குள்ள உள்ளப் பிணைப்பு, மாயக்கதைகளில் யான் கண்ட நட்புக்களுள் மிக இனியது. நாட்டைக் காக்க அவன் சிற்றப்பனாகிய வெரிட்டி, கல்லில் ஒரு பறவைநாகத்தைச் செதுக்கித் தன் நினைவுகளையும் அன்பையும் ஒவ்வொன்றாக அதனுள் இட்டு, ஈற்றில் தானே அதுவாய்ப் பறந்துபோகின்றான். நாடு பிழைத்தது, ஃபிட்ஸ் இறந்தான் என்று ஊர் நம்புகின்றது, அவன் காதலி, அவனை வளர்த்த லாயத் தலைவனையே மணந்து, அவன் மகளை அங்கே வளர்க்கின்றாள். அவனோ போய்ச் சொல்வதில்லை. நடையிற் சற்று நீட்சியுண்டு; மூன்றாம் நூலின் நடுப்பகுதிப் பயணத்தைப் பாதியாகக் குறைத்திருக்கலாம்.

'காலச்சக்கரம்' நான்காவது. 1990இல் தொடங்கிய அக்கதையின் அடிப்படை மிக வலியது: ஆடவர் பயன்கொள்ளும் ஆற்றலில் நஞ்சு கலந்துள்ளது, அதனைக் கையாளும் ஆடவன் பித்தனாவான், உலகைக் காக்க வேண்டியவனோ ஓர் ஆடவன். இதனினும் கொடிய விலை வேறென்? ஆனால் 2000இல் வந்த ஒன்பதாம் தொகுதியில் நஞ்சு நீக்கப்படுகின்றது. பத்தாம் தொகுதியிற் கதை நகரவே மறுக்கின்றது. முடிவில் தலைவன் ராண்ட் பழைய புண்களெல்லாம் நீங்கிய வேறோர் உடலோடு அமைதியாகப் போய்விடுகின்றான். விலையைத் திருப்பிக் கொடுத்தல் என்று யான் கூறியது இதுவே. ஜோர்டன் 2007இல் மறைந்தார். அவர் மனைவியாரும் பதிப்பாசிரியருமான ஹாரியட் அம்மையார் சாண்டர்சனைத் தேர்ந்தார். அவர் ஆசிரியரின் குறிப்புக்களைக்கொண்டு 2009 முதல் 2013 வரை கடைசி மூன்று தொகுதிகளை முடித்தார். மறைந்தவர் கதையை அழியவிடாது காத்த அச்செயலுக்கு என் வணக்கம். சாண்டர்சனின் சொந்த நூல்களை ஐந்தாவதாக வைப்பேன். அவை திறமான இயந்திரங்கள்.

அதிர்ச்சியை விரும்புவார் இதற்குள் பொறுமையிழந்திருப்பர். ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் 1996இல் தொடங்கிய 'பனி நெருப்புப் பாடல்' எங்கே என்பர். யான் அதனைக் குறைவாக மதிப்பவனல்லன். முதல் நூலில் எட்டார்ட் ஸ்டார்க் தலையிழந்ததை அதிர்ச்சி என்று மட்டும் கொள்வார் அதனைச் சரிவரப் படித்தாரல்லர். அவன் இறந்தது ஏன்? அரசியின் குற்றத்தைக் கண்டறிந்தவன், அவள் குழந்தைகள் கொல்லப்படாதிருக்கும்பொருட்டு, தப்பியோடுமாறு அவளுக்கே முன்கூட்டி உரைத்தான். இரக்கமே அவன் கழுத்தை அறுத்தது. டோல்கீனிடத்து உலகைக் காத்த அதே இரக்கம், மார்ட்டினிடத்து இரங்கினானையே கொல்கின்றது. இவ்விரண்டு நூல்களுக்குமிடையே உள்ள உண்மையான வழக்கு இதுதான். சாவின் எண்ணிக்கையில் இல்லை. எட்டார்டின் இரக்கம் வீண்தானா, அன்றி அவன் மக்களிடத்து என்றேனும் காய்க்குமா என்பதற்கு விடை கடைசி நூலில் இருத்தல் வேண்டும். ஐந்தாம் நூல் 2011இல் வந்தது. ஆறாம் நூலுக்குப் பல்லாண்டுகளாக வாசகர் காத்திருக்கின்றனர். 2019இல் தொலைக்காட்சித் தொடர் ஒரு முடிவைக் காட்டியதென்பர். ஆசிரியர் எழுதாத முடிவை அவர் கணக்கில் எழுதுதல் முறையன்று. ஆகலின் அவருக்கு இடங்கொடாமல், முதல் வரிசையருகே ஒரு நாற்காலியைக் காலியாக இட்டுவைத்திருக்கின்றேன்.

படிக்கும் முறை பற்றிச் சில சொல்வேன். தரவரிசையும் படிக்கும் வரிசையும் ஒன்றல்ல. புதிதாகத் தொடங்குவோர் 'எர்த்சீயின் மந்திரவாதி'யை முதலில் எடுக்க. அடுத்து 'ஹாபிட்', அதன்பின் பெருங்கதை. பெருங்கதையின் தொடக்கத்தில் விருந்தும் வழிநடையும் நீளும், அஞ்சற்க. இடையிடையே வரும் பாட்டுக்களைத் தாண்டிச் செல்வார் பலர். அவற்றை வாய்விட்டுப் படித்தால் நேரம் வீணாகாது. டோல்கீன் மறைந்தபின் 1977இல் அவர் மைந்தர் வெளியிட்ட 'சில்மரில்லியன்' கதையின் முன்வரலாறாதலின் அதனையே முதலில் படிக்க வேண்டும் என்று அறிவுரை கூறுவார் பேச்சைக் கேளற்க. புராணத்தின் வரலாற்றட்டவணையை மனனஞ் செய்த பின்பே கதை கேட்பேன் என்பான் கதை கேளாமலே போவான். நூல்கள் வெளிவந்த முறையே படிக்கும் முறை. எர்த்சீயின் இரண்டாம் நூலாகிய 'அதுவானின் கல்லறைகள்' பெரிதும் நிலத்தடியில், விளக்குக் கொண்டுபோதலே குற்றமான இருட்டு வழிகளில், கையாற் சுவரைத் தடவித் தடவி நடக்கும் ஓர் இளம்பெண்ணின் கதை. அதனை இரவில் ஓரமர்வில் படித்தல் நன்று. பத்தரை மணிக்கு விளக்கணைக்கும் விடுதியினர் ஆறு மணிக்கே தொடங்குக.